நாற்பதைத் தாண்டியவர்கள் டிராகன் கதை படிக்கலாமா?

தேன்மொழி:

சென்ற வாரம் ‘அண்மையில் வாசித்தவை’ இழையில் என் பட்டியலை இட்டிருந்தேன். டிராகன்கள், மந்திரக் கல்லூரிகள், ஆய்வகத்தில் முளைக்கும் காதல், பதினாறு வயதில் அரசாங்கத்தையே அசைத்துப் பார்க்கும் பெண்கள் என்று பட்டியல் முழுக்க அந்த வகைதான். அதன் கீழே கரிசல் அவர்கள் ‘நாற்பதைத் தாண்டியவர் படிக்கும் பட்டியலா இது?’ என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களின் பட்டியல்களுக்கு நடுவே சண்டை போட வேண்டாம் என்று இங்கே தனியாகப் பதில் எழுதுகிறேன்.

ஆம், நாற்பதைத் தாண்டியவர் படிக்கும் பட்டியல்தான். ‘வேலைக் களைப்பில் எதையோ புரட்டுகிறேன்’ என்று பம்மிக்கொண்டு சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது வேண்டாம். விரும்பி வாங்கி, விரும்பிப் படிக்கிறேன்.

இந்த நூல்கள்மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு, முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது என்பது. தெரியத்தான் செய்யும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் காதல் நாவலுக்கு வைத்திருக்கும் இலக்கணத்தில் இரண்டே நிபந்தனைகள்தான்: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இருவரும் சேர்வார்கள் என்று அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் ‘சேர்வார்களா’ என்ற பதற்றம் நீங்கியபின்தான் நான் சுற்றிலும் பார்க்கத் தொடங்குகிறேன். ஆலி ஹேசல்வுட்டின் ‘தி லவ் ஹைப்பாதஸிஸ்’ (2021) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பெண்ணும் எல்லோரும் அஞ்சும் ஒரு பேராசிரியரும் காதலர்களாக நடிக்கிறார்கள், நடிப்பு நிஜமாகிறது. அரதப் பழசான உத்திதான். என் மனத்தில் தங்கியது அதுவன்று. அந்தப் பெண் தன் புற்றுநோய் ஆய்வுக்கு இடம் கேட்டு ஒவ்வோர் ஆய்வகமாக மின்னஞ்சல் எழுதுவது, வாய்ப்புத் தருவதாகச் சொன்ன மூத்த ஆய்வாளர் அத்துமீறிவிட்டு ‘நீ சொன்னால் யார் நம்புவார்கள்’ என்ற தொனியில் மிரட்டுவது, இவைதான் தங்கின. எழுதியவர் நரம்பறிவியல் படித்துப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அந்த இடங்களில் அது தெரிகிறது. ‘இலக்கிய’ நாவலாக இருந்திருந்தால் அந்தப் பெண் உடைந்துபோவாளோ என்ற கவலையிலேயே பக்கங்களை வேகமாகத் தள்ளியிருப்பேன்.

அதனால் கரிசல் அவர்களே, இந்தப் பட்டியலில் எது உங்களை உறுத்துகிறது? வயதா, நூல்களா?

கரிசல்:

நூல்கள்தான். வயதைச் சொன்னது, அந்த வயதில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்பதால். எனக்கும் வருகிறது.

முடிவு தெரிவது எனக்குப் பொருட்டே இல்லை. சிலப்பதிகாரத்தின் முடிவு தெரியாமலா அதைப் படிக்கிறோம்? வழியும் முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது என்பதுதான் என் புகார். முதலில் எதிரிகள், பிறகு காதலர்கள். மழையில் சிக்கி ஒதுங்கும் விடுதியில் ஒரே கட்டில். நாயகன் உலகத்துக்கெல்லாம் கொடியவன், இவளிடம் மட்டும் பூனைக்குட்டி. இதை நான் கிண்டலாகத் தொகுக்கவில்லை. விற்பவர்களே இவற்றை அட்டையிலும் விளம்பரத்திலும் அச்சிட்டுத்தான் விற்கிறார்கள். வாசகர் கேட்டது அதே அளவில் அதே வரிசையில் கிடைக்கும் என்று உத்தரவாதம் தருகிறார்கள். உங்களுக்குப் பிடித்த அந்த மிரட்டல் காட்சி உத்தரவாதத்துக்கு வெளியே தப்பித்தவறி வந்தது. அதற்காக முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது.

இன்னொன்று, இது இப்போது எளிய மனிதர்களின் எளிய இன்பமாக இல்லை. ரெபெக்கா யாரோஸின் டிராகன் வரிசையில் மூன்றாவது நாவல் 2025 ஜனவரியில் வந்தது. முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றதாகப் பதிப்பாளர் அறிவித்தார். தாள் ஓரங்களில் வண்ணமும் ஓவியமும் பூசிய சிறப்புப் பதிப்பு வேறு. கையில் இருக்கும் நூலையே இன்னோர் அட்டைக்காக மறுபடி வாங்குகிறார்கள். வாசிப்பு எங்கே முடிந்து சேகரிப்பு எங்கே தொடங்குகிறது?

ஒரு வேண்டுகோள். இது நிஜத்திலிருந்து தப்பிக்கும் வாசிப்பு என்று யாராவது சொன்னால் அதற்குப் பதிலாக, சிறையில் இருப்பவன் தப்பிக்க நினைப்பதும் போர்க்களத்திலிருந்து ஓடுவதும் ஒன்றல்ல என்று ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில் சொன்னதை யாரும் கொண்டுவர வேண்டாம். இத்தகைய விவாதம் எங்கு நடந்தாலும் மூன்றாவது பதிவில் யாராவது அதைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஊர்க்குருவி:

மூன்றாவது பதிவு என்னுடையது. டோல்கீனைச் சொல்லவில்லை, சாம்பாரைச் சொல்கிறேன். நேற்றும் சாம்பார், இன்றும் சாம்பார். முடிவு தெரிந்துவிட்டது என்று இலையிலிருந்து யாரும் எழுந்து போவதில்லை.

கரிசல்:

சாம்பாருக்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை, குருவி.

தேன்மொழி:

‘வழி முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது’ என்பதற்கு வருகிறேன். தமிழ் படித்த ஒருவர் இதைக் குறையாகச் சொல்வதுதான் எனக்கு வியப்பு. அகப்பாடல் என்றால் என்ன? தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் வைத்த விதி. யார் பேசலாம் என்பதற்குப் பட்டியல் உண்டு: தலைவி, தோழி, செவிலி, பாணன். முல்லையா, கார்காலம் வந்துவிட்டது, அவன் இன்னும் வரவில்லை. பாலையா, அவன் பொருள் தேடிப் போகப்போகிறான், தோழி தடுக்கிறாள். குறுந்தொகையில் நானூற்றுச் சொச்சம் பாடல்களும் இந்தச் சில சூழல்களுக்குள்ளேயேதான் சுழல்கின்றன. ‘மறுபடியும் கார்காலமா?’ என்று எந்த வாசகர் சலித்துக்கொண்டார்? மரபைத் தெரிந்துகொண்டு படிப்பதும் ஓர் இன்பம். விடுதியில் ஒரே கட்டில் என்று வந்தால், இந்த ஆசிரியர் அதை என்ன செய்யப்போகிறார் என்று நிமிர்ந்து உட்காருகிறேன்.

கரிசல்:

குறுந்தொகையை இழுப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். தாராளமாக இழுங்கள், அது என் பக்கம்தான் வந்து நிற்கும்.

குறுந்தொகைப் பாடல் நான்கு அடியில் தொடங்கி எட்டு அடியில் முடிந்துவிடுகிறது. சூழல் எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் கவிஞன் அதை விளக்கவில்லை. மிச்சமிருக்கும் இடம் முழுவதையும் ஒரு பறவைக்கோ ஒரு பூவுக்கோ கொடுத்துவிடுகிறான். மரபு அங்கே சொற்களை மிச்சப்படுத்தியது. இந்த நாவல்கள் அதே தெரிந்த சூழலை அறுநூறு பக்கத்துக்கு விளக்குகின்றன. நாயகி அவனைப் பார்க்கிறாள், மூச்சு நின்றுபோகிறது. அடுத்த இயலிலும் பார்க்கிறாள், அடுத்த இயலிலும் நின்றுபோகிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவுக்கு நின்றுபோகிறது.

மரபை அங்கே கவிஞர்களும் கேட்பவர்களும் தலைமுறைகளாகச் சேர்ந்து வளர்த்தார்கள். இங்கே சென்ற ஆண்டு எது விற்றதோ அதுதான் இந்த ஆண்டு மரபு.

கொங்குப்பெண்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அம்மா வாடகை நூல்நிலையத்திலிருந்து ரமணிசந்திரன் நாவல்களாக எடுத்துவந்து படித்தவர். பணக்கார நாயகன், முறைப்பான், கடைசியில் உருகுவான். வீட்டில் எல்லோரும் கேலி செய்வோம். அம்மா ஒருபோதும் பதில் சொன்னதில்லை. மதியம் இரண்டு மணிக்கு அந்த நூலைக் கையில் எடுத்துவிட்டால் அப்பா உட்பட யாரும் காப்பி கேட்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த வீட்டில் அம்மாவுக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான்.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு நூல் பல காலம் கழித்து என் கைக்கு வந்தது. ஓர் ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் நேரில் பேசி எழுதியது. ஏன் படிக்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கதையைவிடப் படிக்கும் செயலைப் பற்றியே அதிகம் சொன்னார்களாம். குழந்தைகள், கணவர், சமையல் எல்லாவற்றிலிருந்தும் விலகி ‘இப்போது நான் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று அறிவிக்க அந்த நூல் உதவுகிறது என்று. என் அம்மா அதைச் சொல்லாமலே செய்தார்.

கரிசல்:

ராட்வேயை நானும் படித்திருக்கிறேன், அம்மா. அதே நூலின் இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். அந்த வாசிப்பு ஒரு சிறு எதிர்ப்பு என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். அதோடு நிறுத்தவில்லை. முரட்டு நாயகன் உள்ளுக்குள் அன்பானவன் என்று அந்தக் கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லி, வீட்டில் இருக்கும் நிலைமையைத் தாங்கிக்கொள்ளும் தெம்பைத்தான் கொடுத்தன; நிலைமை மாறவில்லை என்றும் எழுதுகிறார். உங்கள் அம்மாவுக்கு அந்த மதிய நேரம் கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் முறைப்பவன்தான் நேசிப்பவன் என்ற பாடமும் அதோடு சேர்ந்தே வந்தது. இன்று அவனுக்குக் கருஞ்சிறகும் வாளும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஆள் மாறவில்லை.

கொங்குப்பெண்:

அம்மா அப்படி ஒன்றும் பாடம் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்பா முறைத்தால் பதிலுக்கு இரண்டு மடங்கு முறைப்பார்.

நிலாமுற்றம்:

நான் கல்லூரி மாணவி. கரிசல் ஐயா சொன்ன அந்த 27 லட்சம் வரிசையின் முதல் நூலைப் பற்றிப் பேச வேண்டும். 2023இல் வந்த ‘ஃபோர்த் விங்’.

அதன் நாயகி வயலட்டுக்கு மூட்டுகள் எளிதில் நழுவிவிடும், எலும்பு எளிதில் முறியும். நூலில் நோய்க்குப் பெயர் இல்லை. ஆசிரியர் யாரோஸுக்கே ஏலர்ஸ்–டான்லோஸ் என்ற இணைப்புத்திசுக் கோளாறு இருக்கிறது; அதைத்தான் அவளுக்குக் கொடுத்ததாக அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வயலட் ஏடுகளை எழுதிக் காக்கும் பணிக்குத் தயாரானவள். தளபதியான தாய் அவளை டிராகன் வீரர்களின் பிரிவுக்குத் தள்ளிவிடுகிறாள். அங்கே முதல் நாளிலேயே குறுகலான மதில்மேல் நடந்து கடக்க வேண்டும், விழுந்தால் சாவு. அவள் தினமும் முழங்காலைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போகிறாள். பலத்தால் ஜெயிக்க முடியாது என்பதால் சண்டைக்கு முன்பே எதிராளிக்குத் தெரியாமல் நஞ்சு கொடுக்கிறாள். தாவரங்களைப் பற்றிப் படித்த படிப்பு அப்படிக் கைகொடுக்கிறது.

எனக்கும் அவளுடையதைப் போன்ற மூட்டுகள். மாடிப்படி இறங்கும்போது தோள் நழுவிய அனுபவம் இருக்கிறது. நான் படித்த பெரிய இலக்கியங்களில் என்னைப்போன்ற உடல் வந்தால் ஒன்று அது குறியீடு, இல்லையென்றால் யாருடைய இரக்கத்துக்கோ வந்த வாய்ப்பு. இந்த நூலில்தான் முதல்முறையாக அந்த உடல் காலையில் எழுந்து கட்டுப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனதைப் பார்த்தேன். லீ பார்டூகோவின் ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ (2015) நாவலில் கொள்ளைக் கும்பலின் தலைவன் கைத்தடியோடு நடப்பான். பார்டூகோவும் எலும்புத்திசு அழிவு நோயால் கைத்தடி பயன்படுத்துபவர். அந்தக் கைத்தடியைக் கண்டு ஊரே நடுங்கும். விற்பனை எவ்வளவு, ஓரத்தில் எந்த வண்ணம் என்பதெல்லாம் இருக்கட்டும். எனக்கு இது கிடைத்தது இந்த அலமாரியில்தான்.

கரிசல்:

தங்கையின் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த அனுபவத்தோடு எனக்கு வாதம் இல்லை. நூலோடு இருக்கிறது.

டிராகன்மீது உட்கார முடியாமல் அவள் நழுவுகிறாள் அல்லவா? அதற்கு ஒரு சேணம் வருகிறது. யார் தருகிறார்? நாயகன். அவளுக்கு உடல்வழி தேவைப்பட்ட ஒரு வசதி, காதலன் தரும் பரிசாக வருகிறது. அந்தக் கல்லூரி அதைப் பற்றி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை, அது குறித்து நாவலுக்கும் பெரிதாகக் கோபம் இல்லை. காதலன் வாய்க்காத மூட்டுவலிக்காரி என்ன செய்வாள்? நான் சொல்லும் வார்ப்பு இதுதான். நல்ல விஷயம் கையில் கிடைத்தாலும் அதைக் கொண்டுபோய்க் காதல் கணக்கில்தான் வரவு வைக்கிறார்கள்.

நெறியாளர்:

நண்பர்களே, சேணம், நஞ்சு, சிறகு எல்லாம் வெளிவந்துவிட்டன. இந்த நூல்களை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இந்த இழையைத் தவிர்க்கவும் என்று தலைப்பில் சேர்த்துவிட்டேன். தொடருங்கள்.

அலமாரி:

பள்ளி நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வரை. இவ்வளவு நேரம் வாசித்தேன். இரு பக்கமும் பெரியவர்கள் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பதின்வயதினருக்கான நூல் என்று யாருக்காக இந்தப் பிரிவு உண்டானதோ, அவர்கள் உங்கள் பேச்சில் இல்லவே இல்லை.

பெரியவர்கள் இவற்றைப் படிப்பது புதிதல்ல. பவ்கர் என்ற நூல்துறை ஆய்வு நிறுவனம் 2012இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கு: 12 முதல் 17 வயதினருக்கென்று வெளியாகும் நூல்களை வாங்குபவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் 30 முதல் 44 வயதினரே பெரிய கூட்டம். பிள்ளைகளுக்காக வாங்குகிறார்களோ என்றால், பெரும்பாலும் தங்களுக்காகவே. பதிப்பாளர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? நாயகியின் வயது மெல்ல ஏறியது. பதினைந்து பதினேழாகி, பிறகு பத்தொன்பதானது. பள்ளி போய்ப் போர்க்கல்லூரி வந்தது. முத்தத்தோடு மூடிய கதவு திறந்துகொண்டது. சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ 2015இல் பதின்வயதினர் பிரிவில்தான் வந்தது. 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்கள் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அதைப் பள்ளி நூலகத்தில் எங்கே வைப்பது என்று என்னைப்போன்றவர்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நிலாமுற்றம் சொன்ன ‘ஃபோர்த் விங்’ தொடக்கத்திலிருந்தே பெரியவர்களுக்கான நாவல். நாயகிக்கு இருபது வயது. ஆனால் டிராகன், கல்லூரி, தேர்வு என்று அதன் வடிவம் முழுக்கப் பள்ளிக் கதை. அதனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து அதைத்தான் கேட்கிறார்கள். ‘இது உனக்கு இன்னும் சில ஆண்டுகள் கழித்து’ என்றால் சரி என்று தலையாட்டுகிறார்கள். ‘அப்படியானால் எனக்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என் அலமாரியில் பதில் குறைந்துகொண்டே வருகிறது. எட்டு, ஒன்பது வயதுக்குச் சிரிப்புக் கதைகள் நிறைய. பதினாறுக்குமேல் குவிந்து கிடக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, அதிலும் காதல் வேண்டாத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, புதிதாக வருபவை கொஞ்சம்தான்.

இந்தப் பிரிவின் தொடக்கம் என்று பலரும் சொல்லும் எஸ். ஈ. ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வந்தபோது எழுதியவருக்கு 18 வயது. பள்ளியில் படிக்கும்போதே, தன் வயதுப் பிள்ளைகளைப் பற்றி அவர்களுக்காக எழுதியது. தேன்மொழி, உங்கள் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி யாருடையது என்று மட்டும் கேட்கிறேன்.

தேன்மொழி:

நல்ல கேள்வி, ஆனால் அனுப்பிய முகவரி தவறு. நான் நூலை வாங்கியதால் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நூல் காணாமல் போகவில்லை. எந்த நூலை எந்த வயதுக்கு வெளியிடுவது என்று முடிவெடுப்பவர் பதிப்பாளர். பெரியவர்கள் இந்தப் பக்கம் வந்ததால்தான் இந்தப் பிரிவுக்கே பணம் வந்தது, ஆப்பிரிக்கத் தொன்மங்களை வைத்து எழுதும் டோமி அடேயெமி போன்றவர்களுக்கு இடம் கிடைத்தது. 2018இல் அவருடைய முதல் நாவல் வந்தபோது அதை வாங்கிக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் என் வயதுக்காரர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் விலகிப் போய்விட்டால் பதிப்பாளர் மறுநாளே பதின்மூன்று வயதுக்கு எழுதச் சொல்வார் என்று நினைக்கிறீர்களா? அந்தப் பிரிவையே இழுத்து மூடுவார்.

அலமாரி:

மூட மாட்டார் என்று நானும் சொல்ல முடியாது. ஆனால் பணம் ஒரு பக்கமாக ஓடினால் கதையும் அந்தப் பக்கம்தான் சாயும், அதற்கு யாரும் தீய எண்ணத்தோடு இருக்கத் தேவையில்லை. சமூக ஊடகங்களில் இந்த நூல்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதினர். ‘காதல் காட்சிகள் போதவில்லை’ என்று பதினான்கு வயதினருக்கான நாவலுக்கு மதிப்புரை எழுதி இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை எழுத்தாளரும் பார்ப்பாரல்லவா?

ஊர்க்குருவி:

பதினான்கு வயது நாவலில் காதல் போதவில்லை என்று எழுதியவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள். சாம்பாரில் உப்பு அதிகம் என்று எழுதுபவரும் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கரிசல்:

அலமாரி அவர்கள் சொன்னது என் புகாரைவிடக் கனமானது. நான் தரத்தைப் பற்றிப் பேசினேன், அவர் இடத்தைப் பற்றிப் பேசுகிறார். தேன்மொழி அவர்களின் பதில் சாமர்த்தியமானது, ஆனால் சந்தையில் எல்லோரும் சொல்லும் பதில். ‘நான் வாங்கினேன், அவ்வளவுதான், மற்றதற்குக் கடைக்காரர் பொறுப்பு.’

நிலாமுற்றம்:

இந்த நூல்களைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டதை மட்டுமே சொல்கிறீர்கள், இளைஞர்கள் எடுத்துக்கொண்டதையும் சொல்லலாமே. சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008இல் பதின்வயதினருக்கென்றே வந்த நாவல். பிள்ளைகளை அரங்கில் இறக்கிவிட்டு, அவர்கள் ஒருவரையொருவர் கொல்வதை அரசாங்கமே தொலைக்காட்சியில் காட்டும் கதை. தொலைக்காட்சியில் போட்டி நிகழ்ச்சிக்கும் இராக் போர்க் காட்சிக்கும் இடையே அலைவரிசையை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தக் கதை தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். அதில் மக்கள் மூன்று விரலை உயர்த்தி மரியாதை செய்வார்கள். 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தெருவில் மாணவர்கள் உயர்த்தியது அதே மூன்று விரல். அதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021இல் மியான்மரில் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்தபோது அங்கேயும் அதே சைகை. அந்நாட்டின் ஐ.நா. தூதரே பொதுச்சபையில் பேசி முடித்துவிட்டு மூன்று விரலை உயர்த்தினார். முன்கூட்டியே வழி போட்ட கதை என்று கரிசல் ஐயா சொல்லும் வகையிலிருந்து வந்தது அது.

கரிசல்:

நூலில் அந்தச் சைகை நன்றிக்கும் பிரிவுக்கும் உரியது, அன்பானவர்களை வழியனுப்பும்போது செய்வது. அதைப் போராட்டச் சின்னமாக உலகமெங்கும் கொண்டுபோனது பெரும்பாலும் திரைப்படம். போகட்டும், காலின்ஸை நான் எதிர்க்கவில்லை. அவர் காதலை வைத்தே காதலைக் கேள்வி கேட்டவர். அரங்கில் உயிர் பிழைக்க அந்தப் பெண் காதலியாக நடிக்க வேண்டியிருக்கிறது, பார்வையாளருக்கு அது பிடித்திருக்கிறது. அந்த நாவலைப் படித்துவிட்டு ‘அவள் யாரை மணப்பாள்’ என்று அணி பிரிந்து சண்டையிட்ட கூட்டம்தான் பின்னால் வந்த சந்தையை உண்டாக்கியது. அவர் எதைக் கண்டித்தாரோ அதையே வாங்கிக்கொண்டார்கள்.

சேணத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தேன்மொழி:

அணி பிரிந்து சண்டையிட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த நாவலின் போரையும் புரிந்துகொண்டேன், அணியிலும் இருந்தேன். ஒரே தலைக்குள் இரண்டும் இடம்கொள்ளும், கரிசல் அவர்களே. நீங்கள் வாசகரை எப்போதும் ஒரு வேலை மட்டும் தெரிந்தவராகவே நினைக்கிறீர்கள்.

அலமாரி அவர்களுக்கு ஒரு கேள்வி. பதின்மூன்று வயதுப் பிள்ளை வந்து ‘எனக்கு என்ன இருக்கிறது’ என்று கேட்டால் இப்போது என்ன கொடுக்கிறீர்கள்? மதிப்புரை எழுதும் நாங்கள் எதைத் தூக்கிப் பேசினால் உங்களுக்கு உதவும்?

அலமாரி:

பழையவற்றைத்தான் முதலில் கொடுக்கிறேன். டெர்ரி பிராட்செட் எழுதிய டிஃபனி ஏக்கிங் கதைகள், 2003இல் தொடங்கியவை. ஒன்பது வயதில் வாணலியைத் தூக்கிக்கொண்டு தேவதை ராணியோடு சண்டைக்குப் போகும் இடைச்சிறுமி. நூலுக்கு நூல் வளர்ந்துகொண்டே போவாள், பிள்ளைகளும் கூடவே வளர்வார்கள். பிறகு பிரான்சஸ் ஹார்டிங். ‘தி லை ட்ரீ’ 2015இல் வந்தது. அந்த ஆண்டின் கோஸ்டா என்ற பிரிட்டன் இலக்கிய விருதுகளில் எல்லாப் பிரிவுகளையும் தாண்டி ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்வானது. பொய்யை உண்டு வளரும் மரம், பதினான்கு வயதுப் பெண், தந்தையின் கொலை. காதலே கிடையாது. வகுப்பில் ஒருவர் படித்துவிட்டால் பிறகு வரிசை நிற்கிறது.

மதிப்புரைக்கு வருகிறேன். நூலில் காதல் எவ்வளவு, கொலை எவ்வளவு, எந்த வயதுக்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வயதை நூலின் அட்டையைப் பார்த்து எழுதாமல் படித்துப் பார்த்து எழுதுங்கள். அது போதும், நிஜமாகவே உதவும்.

கரிசல்:

ஹார்டிங் நூலை நானும் எடுத்துப் பார்க்கிறேன். அறுநூறு பக்கம் இல்லை அல்லவா?

அலமாரி:

இல்லை. பயப்பட வேண்டாம்.

நிலாமுற்றம்:

சேணத்துக்குப் பதில், ஐயா.

எனக்குத் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும். விரல் மூட்டுகள் நழுவினால் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத முடியாது. விதிப்படி அந்த நேரத்தை எனக்குத் தர வேண்டும். நான் படிக்கும் இடத்தில் யாரும் தாமாக முன்வந்து அதைத் தரவில்லை. என் தோழி ஒருத்திதான் விதியைத் தேடி எடுத்து, விண்ணப்பம் எழுதி, என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடந்து வாங்கித் தந்தாள். தோழிக்குப் பதில் காதலன் என்று வைத்தால் உங்கள் சேணம் வந்துவிடும். நிறுவனம் யோசிக்காது, நம்மீது அக்கறை உள்ள யாராவது ஒருவர்தான் யோசிப்பார் என்ற அந்த இடம் எனக்குக் கற்பனையாகவே தோன்றவில்லை. நாவலுக்குக் கல்லூரிமீது கோபம் போதவில்லை என்று நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அடுத்த பருவத் தேர்வுக்கான விண்ணப்பத்தை நானே எழுதினேன்.

கரிசல்:

விண்ணப்பத்துக்கு என்ன பதில் வந்தது?

நிலாமுற்றம்:

கூடுதலாக ஒரு மணி நேரம் தருவதாக எழுதியிருக்கிறார்கள். தேர்வு இனிமேல்தான்.